தோழன் மோதிரத்துக்கு விரல் அளவு

வெள்ளவத்தை,
ஐப்பசி மாதம்.

அன்பு மகன் அபிஷனுக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், மெல்பேர்னில் நீயும் யோகராஜும் அப்படியே சுகமாக இருக்கவேண்டுமென்று நேற்றும் விளக்கேற்றிக் கும்பிட்டேன். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க ஊராருடைய கோல்களை இணைத்துக் கொடுத்தவள் நான், எந்தக் குரல் எப்போது போனை வைக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். தங்கச்சி தாரிகாவின் கலியாணக் கதையை எடுத்தாலே உனக்கு வேறு கோல் வந்துவிடுகிறது, ராசா. இந்தக் கடிதத்தை நீ கட் பண்ண முடியாது. கலியாணத்துக்கு உனக்கு எடுத்த பட்டு வேட்டிப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

முதலில் உன் அப்பா செய்த வேலையைக் கேள். வீடியோ கோலில் கதைக்கும்போது அலாரம் அடித்ததும் நீ மருந்துக் குளிசை போட்டதை, இங்கே பக்கத்தில் இருந்த சிவக்கொழுந்து மாமி பார்த்துவிட்டா. என்ன குளிசை, என்ன வருத்தம் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டா. அவர் தடுமாறி, சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மாமி சீனியைக் குறைக்குமென்று குறிஞ்சா இலையோடு வந்து இறங்கினா, கீழ் வீட்டு பஹ்மா பாகற்காய்ச் சம்பல் கொண்டுவந்தா, கலியாணச் சமையல்காரரிடம் உனக்கு மட்டும் குரக்கன் புட்டு என்று மாமியே சொல்லி வைத்திருக்கிறா. ஊரெல்லாம் பாயசம் குடிக்க நீ குரக்கன் புட்டோடு இருக்கப்போகிறாய். நான் மறுத்துச் சொல்லவில்லை. உனக்கு இருப்பது எச்.ஐ.வி. என்று யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பது உன் விஷயம்.

ஆனால் நீ சொன்ன ஒன்றுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யோகராஜ் உன் சிநேகிதன் இல்லை, உன் துணை என்றும், இந்த வருத்தம் உனக்கு இருக்கிறதென்றும் ஒரே மூச்சில் சொன்னாய். அன்றைக்கு அழுதேன், அதை மறைக்கமாட்டேன். அதோடு நிறுத்தினாயா, இதெல்லாம் எனக்குக் கிடைச்ச தண்டனை அம்மா என்றாய். அப்பாவுக்குப் பிரஷர் வந்தபோது உப்பைக் குறைக்கச் சொன்னார்களே தவிர, தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை. உனக்கு வந்தது ஒரு வருத்தம், அதற்கு மருந்து இருக்கிறது. நீ யாரோடு வாழ்கிறாய் என்பது வருத்தமே இல்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அங்கே தமிழ்ச் சனத்தைக் கண்டால் ரோட்டைக் கடந்து போகிறாயாம், கோயில் பக்கமே போவதில்லையாம், யோகராஜ் சொல்லிக் கவலைப்பட்டார். அந்த ஹட்டன் பெடியன் ட்ராம் ஓட்டிக் களைத்து வந்தும் என்னோடு எவ்வளவு மரியாதையாகக் கதைக்கிறார் தெரியுமா.

கொட்டாஞ்சேனைக்குப் போய் டொக்டர் லுத்பியாவிடம், தெரிந்த ஒருவருக்காக என்று சொல்லி எல்லாம் கேட்டேன். மருந்தை ஒழுங்காக எடுத்துக் கிருமி டெஸ்ட்டில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், கூட வாழ்கிறவருக்குக்கூடத் தொற்றாதாம். கையால், தண்ணீரால் தொற்றவே தொற்றாதாம். எழும்பி வரும்போது அவ சிரித்துக்கொண்டு, உங்கட மகனைப் பயப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அன்ரி என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனித் தோழன் விஷயம். பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி மண்டபத்துக்குள் கூட்டிவருவது, அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவது, உனக்குத் தெரியாததில்லை. நீ அந்த இடத்துக்கு யாராவது ஒரு மச்சானைப் பிடியுங்கள் என்றாய். நாங்கள் மாட்டோம் என்றதும், எங்களுக்குச் சொல்லாமல் மாப்பிள்ளை லோகேஸ்வரனுக்கே போன் எடுத்து உள்ளது முழுவதையும் சொல்லியிருக்கிறாய். அவராகவே வேண்டாமென்பார் என்று நினைத்தாய், இல்லையா. அவர் அன்றைக்குக் கல்கிசையிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்தார். தாரிகா பயந்து அறைக்குள் போய்விட்டாள். நனைந்த சேர்ட்டோடு நின்றபடியே என்னிடம், மாமி, என்ர காலை அபிஷன்தான் கழுவவேணும், இல்லாட்டி நான் மண்டப வாசல்லயே நிப்பன் என்றார். அப்பா தலை துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தார். நான் தேத்தண்ணி போடப் போய்க் குசினியில் நின்று அழுதேன். இந்த முறை அழுதது சந்தோஷத்தில்.

ஆகவே தை மாதத்துக்கு இரண்டு டிக்கெட் போடு. மருந்தைக் கைப்பைக்குள் வை, பெரிய பெட்டியில் போடாதே. யோகராஜ் எங்களோடு முன்வரிசையில் இருப்பார். யார் என்று மாமி கேட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லுவேன், மிச்சம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் முடிவெடுங்கள். குரக்கன் புட்டுப் பிரச்சினையை மட்டும் நீயே வந்து தீர்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், தலை நிமிர்ந்து வாழ அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, செட்டியார் தெரு நகைக்கடையில் மோதிரத்துக்கு அளவு கேட்கிறார்கள். விரலில் நூல் சுற்றி வெட்டி உடனே அனுப்பு. இரண்டு நூல் வேண்டும். உன்னுடையது மாப்பிள்ளை போடுகிற மோதிரத்துக்கு. மற்றது யோகராஜின் விரலுக்கு, அதை என் காப்பை உருக்கிச் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

உன் அம்மா,
ஜெயராணி சுந்தரலிங்கம்