வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோன நெய்

ஓசூர்,
ஜய வருஷம், மாசி 22 (1955)

சிரஞ்சீவி நாராயணப்பனுக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா சரசம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னைத் தவிர யாரைக் கேட்பது, நீதான் பதிலே போடுவதில்லை. சரசம்மா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மாப்பிள்ளை ஊத்தங்கரையிலிருந்து வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். புதுப் புளி வரத் தொடங்கி மண்டியில் கால்வைக்க இடமில்லை, ஆனால் எனக்குத்தான் வியாபாரத்தில் மனம் போகவில்லை.

உன் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருக்கும் கிருஷ்ணகிரிப் பையன் முனிவேல் நேற்று கடைக்கு வந்தான். நான் மெட்ராஸ் வந்துபோன நாளிலிருந்து நீ அந்த வாத்தியாரின் இங்கிலீஷ் கட்டுரை வகுப்புக்கே போவதில்லையாம், இப்படியே இருந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்களாம். பையன்கள் உன்னை நெய் டின் என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான்.

நான் செய்தது நியாயம் என்று சொல்லவரவில்லையப்பா, எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நீ எழுதிக் கொடுக்கும் இங்கிலீஷ் கட்டுரையையெல்லாம் வாத்தியார் தேறாது தேறாது என்று திருப்பித் தருகிறார் என்று தை மாதம் எழுதியிருந்தாய். மண்டியில் ஒருத்தன் நல்ல சரக்கைத் தரமில்லை என்று திருப்பிக்கொண்டே இருந்தால் அவன் சரக்கைப் பார்க்கவில்லை, நம் கையைப் பார்க்கிறான் என்று அர்த்தம். உன் சரக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் பசு நெய் ஒரு டின், கொட்டை எடுத்த புளி ஒரு கூடை, தேன்கனிக்கோட்டைத் தேன், வெற்றிலை பாக்கு எல்லாவற்றோடும் ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே உன் வகுப்புப் பையன்கள் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள் என்று யார் கண்டது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட தேவலை. "ஏங்க, பையன் எழுதிக் கொண்டாரவேண்டியதை நீங்க தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள், என்ன ஏதென்று புரியாமல் நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். அப்புறம் மோர் கொடுத்து, பிள்ளை கெட்டிக்காரன்தான், ஆனால் புத்தகத்து வார்த்தையாகவே அடுக்குகிறான், அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வரி இல்லை என்றார். சாமான்களை அந்தப் பையன்கள் தலையிலேயே ஏற்றி ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார். பின்னாலேயே வந்த என்னை ஹாஸ்டல் வாசலில் பார்த்து, நைனா ஊருக்குப் போங்க என்றாய். சாப்பிட்டீர்களா என்று நீ கேட்காமல் நான் உன்னிடமிருந்து திரும்பியது அன்றுதான்.

எதிர்க்கடை முனிராஜ், "இங்கிலீஷ் கதை படிச்சிட்டு வந்து உம்புள்ள புளிக்கு என்னாத்த சொல்லப் போறான்?" என்று தினம் குத்துகிறான். போடா, அவன் படிப்பு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். கன்னடத்தில் வாங்கி, தெலுங்கில் தரம் பேசி, தமிழில் விற்கிறவன் நான், இந்த விஷயத்தில் மூன்றும் உதவவில்லை. திரும்பப் போய் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கலாமென்றால் உன் அம்மா, "இன்னொரு தரம் அங்க காலு வெச்சீங்கன்னா புள்ள மெட்ராஸ விட்டே ஓடிப்பூடுவான்" என்கிறாள். அவருக்குக் கடிதம் எழுதலாமென்றால் இங்கிலீஷில் எழுதித்தர நீதான் வேண்டும். நான் எதைத் தொட்டாலும் உனக்குத்தான் தலைகுனிவாகிறது, தொடாமலும் இருக்க முடியவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே வெயில் அதிகம். வகுப்புக்கு மட்டும் போய்விடப்பா. சிரிக்கிறவன் எத்தனை நாள் சிரிப்பான், அவனுக்கும் பரீட்சை இருக்கிறது. நம் குலதெய்வம் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும்.

விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, ஒரு கவர் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். என்னைத் திட்டியாவது எழுது. நைனாவைத் தமிழில் திட்டக் கை வராவிட்டால் இங்கிலீஷில் திட்டு. யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லமாட்டேன்.

உன் நைனா,
கிருஷ்ணப்பன்