ரெண்டு கையும் முழுசா

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல பனி. ஆவடியிலேயே ரயில் லேட். பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்க வேண்டியது மலையாய்க் கிடக்கிறது.

மத்தியானம் நாலு பேப்பர் பார்த்தேன். பாடியில் நடக்கும் கம்பெனி ஸ்டிரைக்கில் செத்துப்போன சங்கச் செயலாளர் ஏழுமலை பற்றி நாலிலும் ஒரே வாக்கியம். ஊர்வலத்தில் வீச எடுத்து வந்த நாட்டு வெடிகுண்டு அவர் கையிலேயே வெடித்துவிட்டதாம். நாலிலும் பெயர் 'ஏழிமலை'. நாலு நிருபருக்கும் ஒரே பிழை எப்படி வரும்? போலீஸ் கொடுத்த காகிதத்தைப் பார்த்து எழுதினால் வரும்.

சாயங்காலம் அம்பத்தூரில் தாஸ் சார் அறை. அவர் நடத்தும் சின்னப் பத்திரிகைக்கு ஸ்டென்சில் அடிக்க, வழக்கம்போல. அதை வைத்து அவருடைய ரோனியோ மிஷினில் காப்பி எடுப்பார். "ஏழுமலை சம்சாரத்தைப் பாக்கணும். நீங்களும் வாங்க, பொம்பளைங்கன்னா பேசுவாங்க" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

அரை நாள் லீவு. பாடி. ஏழுமலை மனைவி கஸ்தூரி, முப்பதுகூட இருக்காது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"குண்டு வெட்ச்சிருந்தா கை இருக்குமாக்கா? ரெண்டு கையும் முழுசா கீது. மோதிரத்த நான்தான் கயட்டினேன். வெரலு வீங்கிக்கினு வரவேயில்ல. சோப்பு போட்டு கயட்டினேன். முதுகாண்ட ஒரு ஓட்டை. இம்மாத்தூண்டு."

தாஸ் சார் எழுதுவதை நிறுத்திவிட்டார். 

ராத்திரி வீட்டில், இவரிடம் மட்டும் சொன்னேன். "ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்ல இருக்கோம், ஞாபகம் வச்சுக்க" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

பள்ளி விடும் நேரம் எச்.எம். சிஸ்டர் கூப்பிட்டு, "மேரி, நேத்து பாடிக்குப் போனியாமே?" என்றார். தலைவலி என்றுதான் லீவு எழுதியிருந்தேன்.

தெரிந்தவர்கள்: நான். தாஸ் சார். கஸ்தூரி. இவர்.

ராத்திரி ரசம், அப்பளம். இவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளி கேட்டில் கஸ்தூரி. அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது.

"கையெய்த்து போட்டுட்டேன்க்கா. அவரு கைய நான் பாக்கவேயில்லன்னு எய்தி வச்சிருந்தாங்கோ. என் தம்பிய ஸ்டேஷன்ல குந்த வச்சிருந்தாங்கோ, நான் இன்னா பண்றது?"

"அப்போ நீ சொன்னதைப் பத்திரிகைல போட வேண்டாமா?"

"போடு. கையெய்த்து போட்டதையும் போடு. ஏன் போட்டேன்னும் போடு."

சாயங்காலம் தாஸ் சார் அறையில் அப்படியே அடித்தேன். 'ழ' சரியாக விழவில்லை. ஏழுமலை வரும் இடமெல்லாம் இரண்டு தட்டு. ஸ்டென்சிலை அறையில் வைக்க மனசு வரவில்லை. தாஸ் சாரிடம் சொல்லிவிட்டு என் பையிலேயே எடுத்து வந்தேன். அவர்மேலும் சந்தேகமா? தெரியவில்லை. யார்மேல்தான் இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் இவரைக் கேட்டேவிட்டேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை காலையிலயே போலீஸ்காரங்க ஃபாக்டரிக்கே வந்து கேட்டாங்க மேரி. பாடிக்குப் போனாள்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"தாஸ் சார் அறையைக் கேட்டாங்களா?"

"ம்."

"சொன்னீங்களா?"

லேஸையே கட்டிக்கொண்டிருந்தார். ஒரே காலுக்கு எவ்வளவு நேரம்.

சாயங்காலம் அம்பத்தூருக்கு ஓடினேன். அறைக்கு வேறு பூட்டு. ரோனியோ மிஷினைப் போலீஸ் வேனில் ஏற்றிப் போனார்களாம், தாஸ் சாரையும். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நின்னு பேசாதம்மா, போய்க்கினே இரு" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

தாஸ் சார் பற்றித் தகவல் இல்லை. இவர் சாப்பிடாமல் போனார். நான் சாப்பிடச் சொல்லவில்லை.

மத்தியானம் சிஸ்டர் கூப்பிட்டார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

"நேத்து மறுபடியும் ரெண்டு பேர் வந்து உன்னைப் பத்திக் கேட்டாங்க. நல்ல டைப்பிஸ்ட்னு சொன்னேன்." மேஜை டிராயரைத் திறந்தார். "அந்தப் பொண்ணு கேட்ல நின்னு அழுததை நானும் பார்த்தேன்."

பள்ளி ரோனியோ மிஷின் ரூம் சாவியை மேஜைமேல் வைத்தார். இது பொறியா? என்னைப் பிடித்துக் கொடுக்கவா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன்.

"எத்தனை காப்பி எடுத்தாலும் ரிஜிஸ்டர்ல எழுதிடணும்" என்றார்.

பையிலிருந்த ஸ்டென்சிலில் நூற்றைம்பது எடுத்தேன். எழுதினேன்: எட்டாம் வகுப்பு, வரலாறு.