இடது பக்கத்து நாற்காலி

மார்ச் 3
மூளையில் அடைப்பு வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தவரை இன்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தெளிவாகப் பேசுகிறார். ஆனால் பேச்செல்லாம் அவர் அக்காவிடம்தான். நாத்தனார் கட்டிலுக்கு வலது பக்கம், நான் இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து படுக்கையில் என் இடம் இடது பக்கம்தான். அவள் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். என் பக்கம் ஒரு பார்வை? ம்ஹூம். நான் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறேனே, தெரியவில்லையா?

மார்ச் 4
இன்றும் அக்கா புராணம்தான்.

மார்ச் 5
"தண்ணி வேணுமா?" என்று கேட்டவள் நான். அவர் அந்தப் பக்கம் பார்த்து, "வேணாம்க்கா" என்றார். வயிறு பற்றி எரிந்தது. தட்டில் என் பக்கத்துப் பாதியைத் தொடவே இல்லை. அதுகூடவா ஆகாது?

வராந்தாவில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தம்பிய நீங்களே வெச்சுக்கோங்க அண்ணி." அவள் அழுதாள். அழட்டுமே, எனக்கென்ன.

மார்ச் 7
டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மடல் யோசிப்பதற்கும் கோபத்தை அடக்குவதற்கும். (எனக்கு அதுதான் பழுது.) காதோரத்து மடல் கேட்பதற்கும் ஞாபகத்துக்கும். பின்மண்டையில் இருப்பது பார்வைக்கு. இதெல்லாம் இவருக்கு நன்றாக இருக்கிறதாம். அடிபட்டது வலது உச்சியில் உள்ள மடல். எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனிக்கிற இடம்.

"இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியலம்மா. அங்கேருந்து நீங்க பேசினாலும், வலது பக்கம் இருக்கறவங்க பேசறதா நினைச்சுக்கறார்."

அப்படியானால் நான் வலது பக்கம் போய்விடுகிறேன் என்று எழுந்தேன். பிசியோதெரபி பெண் தடுத்தாள். வலது பக்கம் காலியாக இருக்க வேண்டுமாம். அவர் தேடுகிற ஆள் இடது பக்கம் இருந்து அவரைத் திரும்ப வைக்க வேண்டுமாம்.

நாத்தனார் உடனே பையை எடுத்துக்கொண்டாள். "நீயே இரும்மா. எனக்காக எல்லாம் அவன் திரும்ப மாட்டான்."

இவளுக்கு எப்படி இவ்வளவு பெரிய மனசு? அதற்கும் பொறாமைப்பட்டேன். உள்ளே ஒரு பயமும் இருக்கிறது — எனக்காகவும் திரும்பாவிட்டால்?

மார்ச் 10
கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அந்தப் பக்கம் கிடக்கும் காலி நாற்காலியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். நாற்காலியைப் பார்த்துக்கூட ஒருத்திக்கு வயிறு எரியுமா? எரிகிறது.

மார்ச் 14
இன்று கூப்பிடவில்லை. அலுத்துவிட்டது. அவருடைய இடது கையை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலை மெல்ல அசைந்தது. முதலில் கையைப் பார்த்தார். ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது மாதிரி. அப்புறம் நகவெட்டியை. அப்புறம் என்னை.

"நீ எப்ப வந்த?"

"இப்பதாங்க."

வெளியே போய் அண்ணிக்கு ஃபோன் போட்டேன். "இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். "திரும்பிட்டானா?" என்று அண்ணியே கேட்டுவிட்டார்.