இரண்டாம் தரமும் கொடுத்தார்கள்

மாரியம்மன் துணை

நோர்வூட்,
1.8.1957

அன்பு மகன் ஆண்டியப்பனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் மழையோடும் சளியோடும் ஒருவாறு இருக்கிறோம், மதராசில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே நம்பியிருக்கிறோம். ஆடி முதல் வெள்ளியன்று கோயிலில் நடந்ததை வேறு யாராவது உனக்கு வேறு விதமாக எழுதலாம், அதனால் அன்று காசுக் குடத்தடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: பூசாரி சோலைமலை, உன் அப்பா, தப்படிக்கும் மூக்கன், மேட்டு லயத்துப் பேச்சியம்மா, அழகுமுத்துவின் பெண்சாதி மீனம்மா, நான். ஆறே பேர்.

உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அழகுமுத்துதான், இப்போது தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறான். ஆடி பிறப்பதற்கு முதல் நாள் காலையில் மண் சரிந்து லயத்து வீட்டின் பின்சுவர் அவன் காலில் விழுந்தது. தோட்டத்து மருந்துக்காரர் கட்டுப் போட்டார், மூன்றாம் நாள் கால் கறுத்து நாற்றமெடுத்ததும் இனிக் கண்டி ஆஸ்பத்திரிதான் என்று கையை விரித்துவிட்டார். லொறி தேயிலைக் கொழுந்து ஏற்றவே போதவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், வட்டவளைப் பக்கம் மண் விழுந்து ரயிலும் இல்லை. வாடகைக் காருக்கு நாற்பத்தைந்து ரூபாய். அப்பா கையில் ஏழு ரூபாய் இருந்தது, என் தோடு அட்டனில் அடகில் இருப்பது உனக்குத் தெரியும். மீனம்மா நம் வாசலுக்கு வந்தாள். உன் தம்பி கணேசமூர்த்தி காய்ச்சலில் போன இந்த எட்டு மாதமாக நான் கோயிலுக்கும் போகவில்லை, தோட்டத்து வசூல் எழுதும் கணக்கு நோட்டையும் தொடவில்லை. அவள் உள்ளே வராமல் மழையில் நின்றபடியே, “நான் போயி கேட்டா நாலு வீட்ல கதவச் சாத்துவாங்க, நீங்க நோட்டோட வந்து உக்காருங்கம்மா, அது போதும்” என்றாள். எப்படி மாட்டேன் என்பது.

அதன் பிறகு நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. வெள்ளிக்கிழமை தோட்டமே கோயிலுக்கு வரும், அம்மன் காலடியில் மஞ்சள் துணி கட்டிக் குடம் வைத்தால் ஒருவரும் வெறுங்கையோடு கடக்க மாட்டார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். அப்படியே வந்தது, ஐம்பத்து மூன்று ரூபாய் நாற்பது சதம். குடத்தைத் தூக்கப் போனபோது பூசாரி என் கையைத் தடுத்தார். மஞ்சள் கட்டி ஆத்தா காலடியில் வைத்தது நேர்த்திக் காசு, அதை எடுத்தால் தோட்டம் முழுக்க அம்மை முத்துப் போடும் என்றார். பேச்சியம்மா விடவில்லை, “ஏம்ப்பா பூசாரி, மாரியாத்தா என்ன காரு புடிச்சுக் கண்டிக்கா போகப் போறா?” என்று கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, “எம்புள்ளைக்கு முத்துப் போட்டப்ப இவ காலப் புடிச்சுத்தான் காப்பாத்துனேன், இவ காசுல கை வைக்க என்னால ஆகாது” என்றார். அப்பா குடத்தைப் பறிக்கப் போனார். தடுத்தது நான். அம்மனுக்கு நேர்ந்ததை எடுக்கக் கூடாது என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த வாய் அல்லவா. மீனம்மா மழையில் இறங்கி லயத்துக்கு நடந்துவிட்டாள். சனிக்கிழமை முழுக்க நான் வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்ததுதான் மிச்சம்.

ஞாயிறு கைக்காசுக் கொழுந்து, பறித்த கொழுந்தை நிறுத்தவுடன் காசு கைக்கு வரும் நாள். மூக்கன் தானாகவே கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நின்று தப்படித்தான், நான் ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தாநாள் கொடுத்தவர்கள் இன்றைக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று தலையைத் தூக்கவில்லை. முதலில் விழுந்தது பூசாரியின் இரண்டு ரூபாய், என் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார். பிறகு பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் வரிசையாக வந்தார்கள். பேச்சியம்மா, “வெள்ளிக்கெழம ஆத்தாளுக்குக் குடுத்தோம், இன்னிக்கு அழகுமுத்துக்குக் குடுக்குறோம், அழுவாம பேர எழுதுங்கம்மா, நோட்டு நனையுது” என்று அதட்டினாள். நாற்பத்தெட்டு ரூபாய் எழுபத்தைந்து சதம்.

திங்கள் விடிந்ததும் காரில் அழகுமுத்துவோடும் மீனம்மாவோடும் அப்பாதான் கண்டிக்குப் போனார். உயிர் தப்பிவிட்டது, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று நாளைக்கு முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, மீனம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். அந்த மூன்று நாளும் என்னுடையது ஆண்டியப்பா, எந்தச் சாமியிடம் சொல்லியும் அந்தப் பாரம் இறங்கவில்லை. மீனம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, திட்டுவாள் என்று பயந்திருந்தேன். அவள், “டின்ன எடுத்து வச்சிராதீங்கம்மா, அடுத்த ஞாயிறும் கொண்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள். இப்போது கைக்காசு ஞாயிறு தோறும் வீட்டுக்குப் பத்துச் சதம் என்று பேச்சு. போன ஞாயிறு ஆறு ரூபாய் பத்துச் சதம், அறுபத்தொரு வீட்டில் ஒரு வீடும் தவறவில்லை. கணேசமூர்த்திக்கு அன்று இப்படி ஒரு டின் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் எட்டு மாதத்துக்குப் பிறகு, ஞாயிறு எப்போது வரும் என்று பார்த்திருக்கிறேன்.

சேர்கிற காசு அழகுமுத்துவுக்கு ஒரு மரக்காலுக்கு. அவன் எழுந்து நிற்காவிட்டால் வேலைக்குப் பேர் விழாது, வேலை இல்லாதவனுக்குக் குடியிருக்க லயத்துக் காம்பிரா எத்தனை நாளைக்கு என்று ஆபீசில் இப்போதே கேட்கிறார்கள். நீ சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் அச்சாபீசுக்கு நனைந்துகொண்டு போகாதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மரக்கால் செய்கிறார்களாமே, என்ன விலை, ஆள் வராமல் அளவு மட்டும் அனுப்பினால் செய்து தருவார்களா என்று நேரில் போய்க் கேட்டு, உடனே பதில் எழுது.

உன் அம்மா
நாகலெட்சுமி