சுமைகூலிக்கு அறிவு மூன்று

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று மூன்று பேர். முதல் ஆள் அனிருத், கல்லூரி மாணவன். எங்கள் கம்பெனி செய்யும் வீடியோ விளையாட்டில் தன் பாத்திரத்துக்கு முகம் செய்ய மட்டும் ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான். மூக்கைச் செதுக்கினான், தாடையை இழுத்தான், தோலைப் படிப்படியாக வெளுக்கவைத்தான். ஆட்டம் தொடங்கியதும் முதல் பெட்டியில் இரும்புத் தலைக்கவசம் கிடைத்தது. மாட்டிக்கொண்டான். முகம் போச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாமவர் வங்கிக்காரர். முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை, பலம், அறிவு என்ற எண்களோடு மட்டும் மல்லுக்கட்டினார். மூன்றாவது பெண் எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்று தட்டிவிட்டு நாலே நிமிடத்தில் புலியிடம் செத்தாள்.

எட்டு மாதமாக இதுதான் என் வேலை. ஆட்கள் பாத்திரம் உருவாக்குவதைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அந்த அமர்வு செல்லாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. நீ யார் என்று கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள். யாராக வேண்டும் என்று கேட்டுப் பார், கொட்டிவிடுவார்கள்.

விளையாட்டில் ஐந்து பிறப்புகள்: அரச குலம், வணிகர், வீரர், வைத்தியர், சுமைகூலி. ஜூலையிலிருந்து நாற்பத்தொரு பேர் ஆடிவிட்டார்கள். சுமைகூலியை எடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கை தவறித் தட்டியவர்.

5 ஆகஸ்ட்

டிசைன் லீட் கணேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர். சத்தமே போடமாட்டார், அதுதான் எரிச்சல்.

"நாப்பத்தொண்ணுல ரெண்டு பேருங்க ஜெனிட்டா. இருபத்தொம்பதாம் தேதி பில்டை மூடறோம், அதுக்கப்பறம் கேம்ல எதையும் மாத்த முடியாதுங்க. சுமைகூலியத் தூக்கிரலாமுங்க."

"பலம் ஒன்பது, அறிவு மூணுன்னு போட்டா யார் சார் எடுப்பா?"

"அது பேலன்ஸுங்க. ஒரு பக்கம் ஏத்துனா ஒரு பக்கம் எறக்கோணும்."

"அரச குலத்துக்கு எதை இறக்கினீங்க?"

"பொறுமைங்க."

மீட்டிங்கே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

6 ஆகஸ்ட்

அப்பா இருபத்தாறு வருடம் திருமுல்கேரியில் ராணுவக் கிடங்கில் மஸ்தூர். பெட்டி தூக்கும் வேலை. இன்று காலை டீ ஆறுவதற்குள் ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அறிவு மூணாம். மூணு! எவன்டா உட்காந்து அந்த எண்ணைப் போட்டது? ஒரு மூட்டையையாவது தூக்கியிருப்பானா அவன்?

9 ஆகஸ்ட், சனி

அண்ணன் ஜாய்சனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடுகிறவர்கள் கோழைகள், கூலி என்ற வார்த்தையைக் கண்டாலே ஓடுகிறார்கள் என்றேன்.

"ஹவ், ஹவ்," என்றான். இந்த ஊர் உருதுவில் ஆமாம் என்பதற்கு அதுதான். "பெரிய புரட்சி. நீ மூணு வருஷமா ஆடுறியே ஒரு கேம், அதைத் திற. உன் ஆளைப் பார்ப்போம்."

"நக்கோ, வேண்டாம்."

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாம்?" அவனே திறந்துவிட்டான். இளவரசி. வெள்ளைவெளேர் என்று. இடுப்பு என் மணிக்கட்டு அளவு. "கூலியைக் காணோமேம்மா?"

அது வேற கேம். அதுல கூலியே கிடையாது என்றேன்.

— இது ஒரு பதிலா?

12 ஆகஸ்ட்

எழுதித்தான் ஆக வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன்.

இன்று வந்தவள் சபீனா. இருபத்திரண்டு வயது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை, காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள். ஆம்பூர்க் குடும்பம், தமிழ் நன்றாக வரும். போனில் நிறைய ஆடுகிறவள் என்பது விரல் போன வேகத்தில் தெரிந்தது. அரச குலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைத்தியரைப் படித்தாள். சுமைகூலியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வணிகரை எடுத்தாள்.

மைக்கை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன்?

"சுமைகூலியை ஏன் எடுக்கலை?"

கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "யாருக்கா அது, உள்ளேர்ந்து பேசுறது?"

"சும்மாதான் கேக்கறேன்."

"காலைல ஆறு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் டிரம் தள்ளிட்டு வரேன். இங்க வந்தும் அதையேதான் தள்ளணுமா? நக்கோக்கா." சிரித்துவிட்டுத் தன் வணிகப் பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை தேடப் போனாள்.

என் நோட்டில் நாலு வாரமாகக் 'கோழைகள்' என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இவள் பெயருக்கு எதிரே அதை எழுதக் கை வரவில்லை.

13 ஆகஸ்ட்

கணேஷ்குமாரிடம் நானே போய்ச் சொன்னேன். சபீனாவின் அமர்வு செல்லாது என்று குறித்துக்கொண்டார்.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே."

"எனக்குத் தெரியுமே சார்."

தலையை ஆட்டினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

14 ஆகஸ்ட்

அமர்வு செல்லாது என்றால் சபீனா எங்கள் சோதனை ஆளும் இல்லை. அவளிடம் பேசத் தடையும் இல்லை. கணேஷ்குமாரிடம் சொல்லிவிட்டே போன் செய்தேன்.

"டிரம் தள்றது மட்டுமா உன் வேலை?"

"அது எல்லாரும் பாக்குறதுக்கா. கலவை கெட்டா மிஷின் கத்துறதுக்கு முன்னாடி என் மூக்குக்குத் தெரிஞ்சிடும், மாஸ்க் போட்டிருந்தாலும். சூப்பர்வைசரே என்னைக் கூப்பிட்டு மோந்து பாருன்னுவாரு. உங்க கேம்ல அந்தக் கூலிக்கு மூக்கு இருக்கா?"

இல்லை. முகம் செய்யும் இடத்தில் பதினான்கு வகை மூக்கு வைத்திருக்கிறோம். ஒன்றாவது மோப்பம் பிடிக்காது.

15 ஆகஸ்ட்

லீவு. முதல் அத்தியாயத்தைச் சுமைகூலியாக ஆடிப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. நானும் எடுத்ததில்லை!

மூட்டையைத் தூக்கு. மூட்டையை இறக்கு. மூட்டைக்குக் காவல் இரு. இருபது நிமிடத்தில் கொட்டாவி. ஆடுகிறவர்கள் கூலியைப் பார்த்து ஓடவில்லை. நாங்கள்தான் கூலிக்குத் தோளை மட்டும் கொடுத்து, தலையைக் கொடுக்காமல் விட்டோம்.

16 ஆகஸ்ட், சனி

காலை ஏழு மணிக்குப் போவன்பள்ளி மார்க்கெட். மூட்டை தூக்குகிறவர்களை அங்கே ஹமாலி என்பார்கள். ஒருவர் தக்காளிப் பெட்டியைத் தோளில் ஏற்றினார், இரண்டு அடி நடந்தார், திரும்பி வந்து இறக்கிவைத்தார். அடியில் அழுகல் என்றார் தெலுங்கில். வியாபாரி சத்தியம் செய்தான். கவிழ்த்தார்கள். அழுகல்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தோளுக்குத் தெரியாதா என்றார்.

18 ஆகஸ்ட்

நாலு பக்கம் எழுதிக் கணேஷ்குமாரின் மேஜைமேல் வைத்தேன். ஐந்து பிறப்புக்கும் அறிவு ஒரே எண். சுமைகூலி தூக்கிப் பார்த்தே பெட்டிக்குள் என்ன என்று சொல்லலாம், சாப்பாட்டில் விஷத்தை மோந்து பிடிக்கலாம், கோட்டையின் பின்வாசல் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார்: 'வேற பொறப்பு எடுத்தவங்களும் சுமைகூலியத் துணைக்குச் சேத்துக்கற மாதிரி வெக்கலாமே.' மனுஷன் மோசமில்லை.

"மாத்திக் குடுக்கறேன். புதுசா இருபது பேருங்க. அதுல நாலு பேராவது எடுக்கோணும். இல்லீன்னா தூக்கிருவேன், அப்பறம் கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"எடுப்பாங்க சார்."

வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன்: ஐந்தில் ஒருவர்.

26 ஆகஸ்ட்

பதினேழு பேர் முடிந்தார்கள். மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர் விஷத்தை மோந்து பிடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மைக்கின்மேல் என் கைக்குட்டையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எனக்கு என்னைத் தெரியும்.

27 ஆகஸ்ட்

விநாயகர் சதுர்த்தி. ஆபீஸ் லீவு. மூன்றிலேயே நிற்கிறது.

28 ஆகஸ்ட்

பதினெட்டாம் ஆள் வீரர். பத்தொன்பதாம் ஆள் சுமைகூலியில் ஆறு நிமிடம் நின்றார், ஒவ்வொரு வரியும் படித்தார் — பிறகு வைத்தியர். கத்த வேண்டும்போல இருந்தது.

இருபதாவது, எதையும் படிக்காமல் தட்டுகிற ரகம். 'ஏதோ ஒன்று' என்ற பொத்தானை அழுத்தினான். அரச குலம் வந்தது. மறுபடி அழுத்தினான். சுமைகூலி வந்தது. விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நொடிகளை எண்ணினேன். அழுத்தவில்லை. ஆட்டத்துக்குள் போய்விட்டான்.

இது நாலாவதா, இல்லையா? 'எடுத்தார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், யாரும் கேட்கப் போவதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். முதலில் அரச குலம், பிறகு சுமைகூலி, விரல் நின்ற ஒன்பது நொடி, எல்லாம்.

கணேஷ்குமார் அந்த வரியில் விரல் வைத்துப் படித்தார்.

"ராசா வந்தப்ப மறுபடி அமுத்துனான். கூலி வந்தப்ப அமுத்தலீங்களே."

"இல்லை."

"அப்பறமென்னங்க, எடுத்துக்கிட்டதுதான்."

20 செப்டம்பர், சனி

முதல் அத்தியாயம் மட்டும் முன்னோட்டமாக வெளியாகி இரண்டாம் நாள். அறிவு எல்லோருக்கும் ஆறு. அரச குலத்துக்கு இரண்டு குறைத்துவிட்டோம் என்று திட்டி வந்த கடிதங்களைக் காலையில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ராஜாவுக்கு ஆறே ஜாஸ்தி" என்றார்.

இளவரசியை அழிக்கவில்லை. அவள் பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். இங்கே எனக்கொரு சுமைகூலி. முகத்துக்கு ஏழு நிமிடம்தான் ஆனது.

மத்தியானம் சபீனா படம் அனுப்பினாள். வணிகப் பெண்தான், மாற்றவில்லை, அதே பட்டுப் பாவாடை. ஆனால் முகம் சபீனாவின் முகம், புருவத்துத் தழும்புகூட இருந்தது. பக்கத்தில் அவள் துணைக்குச் சேர்த்துக்கொண்ட சுமைகூலி நின்றாள்.

கீழே எழுதியிருந்தாள்: "இவ இல்லன்னா முதல் விருந்துலயே விஷம் குடிச்சுச் செத்திருப்பேன்க்கா. தட்டு வர்றதுக்கு முன்னாடியே மோந்து சொல்லிட்டா."

இன்னொரு செய்தி வந்தது. "அந்தக் கூலியும் நான்தானே?"

ஹவ் என்று அனுப்பினேன்.