ஒரே பெயர்

திருகோணமலை
12.08.1997

அன்புள்ள தம்பிக்கு,

குடும்ப வரலாறு எழுதுகிறாய் என்றாய். இரண்டு சோதனைச்சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றில், நீ லண்டனிலிருந்து கொடுத்த அப்பாவின் மரண அறிவித்தல் இருந்தது. இன்றுதான் பார்க்கிறேன். அப்பா அகதி முகாமில், என் மடியில்தான் போனார். அங்கே பத்திரிகை வரவில்லை.

"அன்னார் சோமசேகரத்தின் (லண்டன்) பாசமிகு தந்தையும்..." ஒரே பெயர்.

நூலகப் பெண் கேட்டாள்: "மகள் எண்டு சொன்னனீங்கள், உங்கட பேரைக் காணேல்லையே அக்கா?"

மாதா கோயிலில் வேதக்காரரைக் கட்டினவள் என்று அவளிடம் சொல்லவா?

அறிவித்தலை எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதி அனுப்பியிருக்கிறேன். அப்படியே போடு. இந்தக் கடிதத்தின் மேலே 'தம்பி' என்றதை மட்டும் வெட்டிவிடு. ஒரே பிள்ளைக்கு அக்கா ஏது?

இப்படிக்கு,
அறிவித்தலில் இல்லாதவள்