விழாத சுவர்

இன்று காலை காத்தோங் கட்டுமானத் தளத்தில் தோண்டும் இயந்திரம் சாம்பல் நிறக் கடற்களிமண்ணை அள்ளிக் கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம். உன்னை வெளியே எடுத்தபோது உன் வாயிலும் மூக்கிலும் அடைத்திருந்தது இந்த மண்தான். அன்று ரோச்சோர்க் கால்வாய் ஓரம், மண் மாதிரி எடுக்கக் குழிக்குள் இறங்கிய உன்மேல் குழியின் மண்சுவர் சாய்ந்தது. மண்வெட்டி உன்னைக் கிழித்துவிடும் என்று கையால் தோண்டினோம். நகங்கள் பிய்ந்தன. முதலில் கிடைத்தது உன் முழங்கை.

"எதிர்பாராத மண்சரிவு" என்றது அறிக்கை. துக்கம் கேட்க வந்தவர்கள், "அன்னிக்கு லீவு போட்டிருந்தா பொழச்சிருப்பான்" என்றார்கள். ஒவ்வொருவரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

நீ திருச்சியில் நிலவியல் படித்துவிட்டுக் கடல் தாண்டி இங்கே மண் சோதிக்க வந்தவன். நான் இங்கேயே பிறந்து, தத்துவம் படித்து, வேறு வேலை கிடைக்காமல் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி ஆனவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில், 'ஆக்சுவலிசம்' என்ற சொல் உன் பாடத்திலும் என் பாடத்திலும் இருப்பது தெரிந்து சண்டை போட்டுக்கொண்டோம்.

"எங்க ஆளுங்க சொல்றது, இருக்கறது மட்டும்தான் இருக்கு. நடந்திருக்கக்கூடியது, பிறந்திருக்கக்கூடியவன், இதெல்லாம் எங்கயுமே இல்ல," என்றேன்.

"இதுக்கு யுனிவர்சிட்டி வேற போனியா?"

உன்னுடையதைச் சொன்னாய். மழையும் அலையும் சரிவும் இன்று செய்வதைத்தான் பாறைகள் உருவான காலத்திலும் செய்தன. பழைய பாறையை விளக்க, யாரும் காணாத பேரழிவைக் கூட்டிவரத் தேவையில்லை. வேகம் மட்டும் மாறலாம். "ஒரு பிடி மண்ணு உதிர்றதும் மலை சரியறதும் ஒரே வேலைதான். உங்க ஆளு, எங்க ஆளு, எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க லா, கதை விடாதன்னு." இந்த ஊர்க்காரியான என்னைப்போலவே பேச்சின் முடிவில் 'லா' போட்டுக் கிண்டல் செய்தாய்.

இன்று குழிக்குள் இருவர் இருந்தார்கள். சுவருக்குத் தாங்குபலகை இல்லை. விளிம்பை ஒட்டி, விரல் நுழையும் அகலத்தில் நீளமான விரிசல். மண் சிறு கட்டிகளாக உதிர்ந்தபடி இருந்தது. நீ எப்படிச் செத்தாய் என்று அறிய எனக்கு அறிக்கை வேண்டாம். அது என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

"மேல வாங்கண்ணே" என்று கத்தினேன். அவர்கள் மேற்பார்வையாளரைப் பார்த்தார்கள். அவன் நினைத்தால் வேலையைப் பறித்து அவர்களை ஊருக்கு அனுப்ப முடியும். என்னிடம் இருந்தது வெறும் விதிமுறை.

"அரை மணி நேரம் லா, தங்கச்சி. பைப்ப இறக்கிட்டுப் பலகை போட்டுக்கலாம்," என்றான் அவன்.

உன்னிடமும் ஒருவன் இதையேதான் சொன்னான். சொன்னவன் மட்டும் வேறு.

இயந்திரத்தின் சாவியை உருவினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் அடித்தேன். உனக்காக அடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அடிக்க வேண்டியிருந்தது. எங்களை விலக்கிவிட, குழிக்குள் இருந்த இருவரும் ஏணியில் ஏறி ஓடிவந்தார்கள். அப்படித்தான் அவர்கள் மேலே வந்தார்கள்.

சுவர் விழவில்லை.

அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனதால் வேலை நின்றது. மதியம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "விழலையேம்மா. அப்புறம் எதுக்கு அடிச்ச? மன்னிப்பு கேளு, இல்ல போலீஸ்தான்."

'விழுந்திருக்கும்' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். செத்திருக்கக்கூடிய இருவர் எங்கும் இல்லை, அவரிடம் காட்ட. "விரிசல் இருக்கு. வந்து பாருங்க," என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

வெளியே அந்த இருவரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒனக்கு வேல போயிரும் போலயே, பாப்பா," என்று மூத்தவர் ஓர் அப்பளத்தை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீ பிழைத்திருக்கக்கூடிய ஒரு நாளை யாரும் எனக்குத் தர வேண்டாம். நீ செத்துவிட்டாய். மண் இப்போது என்ன செய்கிறது என்று பார்க்கும் உன் பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. நாளை காலை காத்தோங் போவேன். உள்ளே விடாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். பலகை இல்லையென்றால், அந்த இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இறங்காதீர்கள் என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்துவேன்.